பேரேட்டில் ஏறிய பிள்ளைகள்: ஆனைமலையில் உழைப்பும் கூலியும் பெற்றோரின் கணக்கும்

பொள்ளாச்சிக்குத் தென்மேற்கே ஆழியாற்றின் கரையில் இருக்கும் ஆனைமலை என்னும் ஊரும், அதன் பின்னே எழுந்து கேரள எல்லைக்கு அப்பாலும் பரந்து கிடக்கும் அதே பெயருடைய மலைத்தொடரும், கடந்த இருநூறு ஆண்டுகளில் காட்டுப்பொருள் சேகரிப்பு, தேக்கு வெட்டும் வனத்தொழில், காப்பி மற்றும் தேயிலைத் தோட்ட வேலை என மூவகைப் பிழைப்புக்கு இடம் கொடுத்துள்ளன. மனதுக்குப் பிடித்த வேலையில் நிலைப்பதா, கூடுதல் வருமானம் தரும் வேலைக்குப் பெயர்வதா என்ற கேள்வி, பிள்ளைகளை வளர்த்தாக வேண்டிய பெற்றோர் முன் எழும்போது, படித்த நடுத்தர வர்க்கத்துக்கு மட்டுமே உரிய இக்காலத்துக் கேள்வி போலப் பேசப்படுகிறது. ஆனைமலையின் உழைப்பு வரலாறு அந்த எண்ணத்தை மறுக்கிறது. இக்கேள்வி இங்கே தலைமுறை தோறும் எழுந்திருக்கிறது. ஆனால் பிள்ளை குடும்பத்தின் வரவுக் கணக்கில் எழுதப்பட்டதா, செலவுக் கணக்கில் எழுதப்பட்டதா என்பதைப் பொறுத்து அதன் பொருளும் விடையும் மாறிவந்துள்ளன.

மலையின் தொல்குடிகளுள் ஒரு பிரிவினரான காடர்களைப் பற்றிய பழைய பதிவுகளில் இக்கேள்விக்கான மிகத் தெளிவான விடை ஒன்று கிடைக்கிறது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்து, தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்ட எட்கர் தர்ஸ்டன், காடர்கள் நெடுமரங்களில் மூங்கில் முளைகளை அடித்து அவற்றையே படியாகக் கொண்டு ஏறித் தேன் எடுப்பதில் வல்லவர்கள் என்றும், சுமை தூக்குவதை இழிவாகக் கருதினார்கள் என்றும், தங்களைக் கூலி என்று அழைத்தால் கடுமையாக மனம் புண்பட்டார்கள் என்றும் குறித்துள்ளார். வேட்டைக்கு வந்த வெள்ளை அதிகாரிகளின் கண்ணில் இது சோம்பலாகவும் செருக்காகவும் தெரிந்திருக்கலாம். உண்மையில் அது ஒரு பொருளாதார நிலையின் விளைவு. காட்டுக் கிழங்கும் தேனும் சிறு வேட்டையும் குடும்பத்தின் பசியைப் போக்கும் வரையில், பிள்ளைக்குத் தொழில் கற்பிப்பது என்பது அவனைத் தன்னோடு காட்டுக்குள் அழைத்துச் செல்வதாகவே இருந்த வரையில், கூடுதல் கூலிக்காகப் பிடிக்காத வேலையை ஏற்க வேண்டிய கட்டாயம் காடர் பெற்றோருக்கு இல்லை. மறுக்கும் உரிமை காட்டிலிருந்து வந்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளை ஒதுக்கப்பட்ட வனங்களாக, அதாவது அரசின் அனுமதியின்றி எதையும் எடுக்கக் கூடாத நிலங்களாக, மாற்றத் தொடங்கியபோது அந்த உரிமையும் சுருங்கியது. காட்டுப்பொருளைக் குத்தகைக்கு எடுத்தவர் தரும் அரிசியும் உப்பும் துணியும் மெல்ல மெல்லக் கூலியின் இடத்தைப் பிடித்தன.

வனத்தொழிலின் கதை இதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்துக்குத் தேக்கு வேண்டியிருந்ததால், 1848இல் கேப்டன் ஜேம்ஸ் மைக்கேல் ஆனைமலைக் காடுகளின் பொறுப்பை ஏற்று மரம் வெட்டுவதை ஒழுங்குபடுத்தினார். வெட்டிய மரங்களை மலையுச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிட்ட இடம் டாப்சிலிப் என்ற பெயர் பெற்றது. கட்டைகளை இழுக்க யானைகளும், யானைகளைப் பழக்க மலசர் என்னும் பழங்குடியினரும் இன்றியமையாதவர்கள் ஆனார்கள். 1910களில் இங்கு வந்த வன அதிகாரி ஹியூகோ வுட், வெட்டி அழிக்கப்பட்ட சரிவுகளில் தேக்கை மீண்டும் தழைக்கச் செய்தவர் என்று போற்றப்படுகிறார். 1933இல் இறந்த அவருடைய கல்லறை டாப்சிலிப்புக்கு அருகே மவுண்ட் ஸ்டூவர்ட்டில் அவர் வளர்த்த தேக்குகளுக்கு நடுவிலேயே இருக்கிறது. தன்னைக் காண விரும்புவோர் சுற்றிலும் பார்த்தால் போதும் என்ற கருத்துடைய இலத்தீன் வாசகம் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. வேலையில் கிடைக்கும் மனநிறைவுக்கு ஆனைமலையில் எடுத்துக்காட்டுத் தேடுவோர் அனைவரும் வுட்டையே சுட்டுவது வழக்கம். அவர் திருமணம் செய்துகொள்ளாதவர் என்று அறியப்படுவதை மட்டும் இந்த எடுத்துக்காட்டோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிள்ளை குட்டிகளோடு கூடிய கணக்கு மலையின் மறுபுறத்தில், இன்று வால்பாறை என்று அழைக்கப்படும் மேட்டுநிலத்தில், வேறுவிதமாக எழுதப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அங்கே காப்பி பயிரிடும் முயற்சிகள் நடந்திருந்தாலும், கார்வர் மார்ஷ், காங்கிரீவ் போன்ற ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் 1890களில் காட்டைத் திருத்தத் தொடங்கிய பிறகுதான் தோட்டத்தொழில் வேரூன்றியது. முதலில் காப்பியும் பின்னர் பெருமளவில் தேயிலையும் நடப்பட்டன. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். கொழுந்து ஒன்றிரண்டு வாரங்களுக்கு ஒருமுறை பறிக்கப்படாவிட்டால் முற்றி வீணாகிவிடும். காடர்கள் அந்த வேலைக்குப் பெரும்பாலும் வரவில்லை. சமவெளியிலிருந்து ஆட்களை மேலே கொண்டுவர வேண்டியிருந்தது.

கொங்குச் சமவெளியில் அக்காலத்தில் நிலமற்றவர்களுக்கு இருந்த முதன்மையான பிழைப்பு பண்ணையாள் வேலை. பண்ணையாள் என்பவர் ஆண்டுக் கணக்கில் ஒரு நிலவுடைமைக் குடும்பத்துக்கு ஒப்பந்தமாகி, தானியமாகக் கூலி பெற்று, திருமணத்துக்கோ நோய்க்கோ வாங்கிய கடனை உழைப்பால் அடைக்க முயன்றுகொண்டிருந்தவர். மாதாரி எனப்பட்ட அருந்ததியர் குடும்பங்களில் தந்தையின் கடன் மகனுக்கு வந்து சேர்வதும், சிறுவன் ஆடு மாடு மேய்க்க அதே பண்ணைக்கு அனுப்பப்படுவதும் இயல்பாக இருந்தன. ஆகவே மலையேறுவதா வேண்டாமா என்று எண்ணிய பெற்றோர் எடைபோட்டவை நிறைவான வேலையும் நல்ல சம்பளமும் அல்ல. தெரிந்த அடிமைத்தனமும் தெரியாத காய்ச்சலுமே. ஆனைமலை மலேரியாவுக்குப் பேர்போனது என்பதால், அடிவாரத்து ஊர்களைவிடத் திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரை, சேலம் பகுதிகளின் மழை பொய்த்த சிற்றூர்களிலிருந்தே மிகுதியானோர் வந்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் தலித் மக்கள்.

இவர்களை அழைத்துவந்தவர் மேஸ்திரி அல்லது கங்காணி எனப்பட்ட ஆள் திரட்டுபவர். தோட்ட நிர்வாகத்திடம் முன்பணம் வாங்கி, ஊர் ஊராகச் சென்று, கடன் அடைக்கவும் பயணச் செலவுக்கும் அதைக் கொடுத்துக் குடும்பங்களை ஒப்பந்தத்தில் பிணைப்பது அவர் தொழில். தன் கீழ் இருக்கும் ஆட்கள் ஈட்டும் கூலியில் அவருக்கு ஒரு பங்கு கமிஷனாகக் கிடைத்தது. இந்த ஏற்பாட்டின் உள்ளமைப்பு கவனிக்கத் தக்கது. தனி ஆணை அழைத்துவருவதைவிடக் குடும்பத்தை அழைத்துவருவது மேஸ்திரிக்கு லாபம், ஏனெனில் தோட்டத்தின் ஆள் பதிவேடான பேரேட்டில் பெயர்கள் கூடக் கூட அவர் பங்கு கூடும். நிர்வாகத்துக்கும் அதுவே லாபம், ஏனெனில் மனைவி மக்களோடு வந்தவர் எளிதில் ஓடிப்போக மாட்டார். கொழுந்து பறிப்புக்குப் பெண்களும், களை பிடுங்கவும் கவ்வாத்து வெட்டிய குச்சிகளைப் பொறுக்கவும் சிறுவர்களும் குறைந்த கூலிக்குக் கிடைப்பார்கள். (கவ்வாத்து என்பது தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குட்டையாக வெட்டிவிடுவது.) கூலி ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு அதைவிடக் குறைவு, சிறுவருக்கு இன்னும் குறைவு என மூன்று படிகளாக இருந்தது.

அந்த மூன்று படிகளில் ஒன்றுகூடத் தனித்து ஒரு குடும்பத்தைக் காப்பாற்றப் போதுமானதாக இருக்கவில்லை என்பதே பெற்றோரின் முடிவைத் தீர்மானித்தது. தோட்டக் கூலி எந்நாளும் தனிமனிதரின் கூலியாக நிர்ணயிக்கப்படவில்லை, அது குடும்பக் கூலி. கணவன், மனைவி, எட்டு பத்து வயதான பிள்ளைகள் ஆகிய எல்லோருடைய பெயரும் ஏறினால்தான் முன்பணக் கடன் குறையும், ஆண்டு முடிவில் கணக்குத் தீர்க்கும்போது ஊருக்குக் கொண்டுபோக ஏதேனும் மிஞ்சும். இடையில் அரிசியும் வாரச் செலவுக் காசும் கொடுக்கப்பட்டு அவையும் கணக்கில் கழிக்கப்பட்டன. பேரேட்டில் சிறுவன் பெயரைப் பதிவது குடும்பத்துக்கு ஒரு முன்னேற்றமாகத் தோன்றியது, சிறுவர் கூலியிலிருந்து ஆள் கூலிக்கு அவன் உயர்ந்தது இன்னொரு முன்னேற்றமாக எண்ணப்பட்டது. 1776இல் வெளிவந்த நாடுகளின் செல்வம் பற்றிய நூலில் ஆடம் ஸ்மித், வட அமெரிக்கக் குடியேற்றங்களில் பிள்ளைகள் சுமையாக அன்றி வரவாக இருந்ததையும், வீட்டை விட்டுப் போகும் முன் ஒவ்வொரு பிள்ளையும் பெற்றோருக்கு நூறு பவுன் நிகர லாபம் ஈட்டித் தருவதாகக் கணக்கிடப்பட்டதையும் எழுதினார். நிலம் தாராளமாகக் கிடைத்த நாட்டில் அது செழிப்பின் அடையாளம். சொந்தமாக ஒரு சென்ட் நிலமும் இல்லாத லைன் வீட்டில், அதாவது வரிசையாகக் கட்டப்பட்ட தொழிலாளர் குடியிருப்பில், அதே கணக்கு வறுமையின் இயந்திரமாக வேலை செய்தது.

அதே நூலில் ஸ்மித் இன்னொன்றும் சொல்கிறார்: அருவருப்பான, கடினமான, ஆபத்தான வேலைகளுக்கு ஆள் கிடைப்பது அரிது என்பதால் அவற்றின் கூலி உயர்ந்திருக்க வேண்டும், இனிமையான வேலைகளின் கூலி தாழ்ந்திருக்கும். பிடித்த வேலையா, பெரிய சம்பளமா என்று இன்று பேசுவோர் அறிந்தோ அறியாமலோ இந்தத் தராசையே கையில் வைத்திருக்கிறார்கள். ஆனைமலையில் தராசு அப்படி நிற்கவில்லை. அட்டை கடியும் அடைமழையும் மலேரியாவும் நிறைந்த வேலைக்கே மிகக் குறைந்த கூலி கிடைத்தது. விரும்பாத வேலையை விட்டு விலக முடிந்தவர்களுக்குத்தான் ஸ்மித்தின் விதி பொருந்தும். ஒப்பந்தத்தை மீறி வெளியேறிய தொழிலாளியைக் குற்றவாளியாக்கிய 1859ஆம் ஆண்டுச் சட்டம் 1920களின் நடுப்பகுதியில் நீக்கப்படும் வரை நடைமுறையில் இருந்தது. அதன் பிறகும் முன்பணக் கடன் அதே வேலையைச் சத்தமின்றிச் செய்தது.

இந்த உலகத்தைத் தமிழ் வாசகர்கள் பெரும்பாலும் ஒரு புதினத்தின் வழியாகவே அறிவார்கள். வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணிபுரிந்து, பின்னர் தொழிற்சங்கப் பணியில் இறங்கிய பி. எச். டேனியல், 1969இல் ஆங்கிலத்தில் ரெட் டீ என்ற பெயரில் அதை எழுதினார், இரா. முருகவேள் அதை எரியும் பனிக்காடு எனத் தமிழாக்கினார். 2013இல் வெளிவந்த பாலாவின் பரதேசி திரைப்படம் அதைத் தழுவியது. நோயாளிகளின் வாய்மொழியிலிருந்து திரட்டிய செய்திகளே அந்நூலின் வலிமை. டேனியலின் தெரிவும் இக்கட்டுரையின் பொருளுக்குள் அடங்குவதே: தோட்ட மருத்துவரின் உத்தியோகம் பங்களாவும் மதிப்பும் சேர்ந்தது, தொழிற்சங்கத்துக்கு அவை எதுவும் கிடையா. ஆனால் வேலையை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு மருத்துவருக்கு இருந்தது, அவரிடம் மருந்து வாங்க வரிசையில் நின்றவர்களுக்கு இல்லை என்ற வேறுபாட்டை அவரே நன்கு உணர்ந்திருந்தார் என்பதை நூலின் தொனி காட்டுகிறது.

கணக்கை மாற்றி எழுதியது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். பன்னிரண்டு வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு அமர்த்தக் கூடாது என்றும், ஐம்பதோ அதற்கு மேலோ பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும், தொழிலாளர்களின் ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருபத்தைந்து பேருக்கு மேல் இருந்தால் அவர்களின் கல்விக்கு வசதி செய்துதரும்படி மாநில அரசு விதி வகுக்கலாம் என்றும், குடியிருப்பும் மருத்துவமும் முதலாளியின் பொறுப்பு என்றும் அச்சட்டம் வகுத்தது. ஏறத்தாழ அதே காலத்தில் கங்காணி முறையும் படிப்படியாக முடிவுக்கு வந்தது, கொசு ஒழிப்பால் மலேரியாவும் தணிந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பதினான்கு வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என வரையறுத்தது. சட்டம் எழுதப்பட்ட அன்றே நடப்புக்கு வந்துவிடவில்லை. தாய் நிரப்பும் கூடையில் மகளின் கையும் கொழுந்து போடுவதை எந்தப் பேரேடும் பதிவு செய்யாது. இருந்தாலும் ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்த மாற்றம் பெரியது. வரவாக இருந்த பிள்ளை செலவானான். அந்த இடத்தில்தான், வரலாற்றில் முதன்முறையாக, தோட்டத் தொழிலாளியான பெற்றோர் தங்கள் வேலையைப் பிள்ளையின் எதிர்காலத்துக்கான விலையாகப் பார்க்கத் தொடங்கினர்.

அப்படிப் பார்த்தபோது தோட்ட வேலைக்கு ஆதரவாகச் சொல்லவும் சில இருந்தன. வாடகையில்லாத வீடு, தோட்டத்து மருத்துவமனை, நடந்துபோகும் தூரத்தில் ஒரு தொடக்கப்பள்ளி, 1950களின் நடுவில் காமராசர் ஆட்சி தொடங்கிய மதிய உணவு, வைப்பு நிதி, பணிக்கொடை ஆகியவை சமவெளியின் விவசாயக் கூலிக்குக் கனவிலும் கிடைக்காதவை. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினரும் அரசின் தேயிலைத் தோட்டக் கழகத்தின் வழியாக இம்மலைக்கு வந்து சேர்ந்தனர். வேலை பிடித்திருந்ததா என்று கேட்டால் விடை ஒற்றைச் சொல்லில் வராது. கொழுந்து பறிப்பது, குறிப்பாகத் தளிரின் பதம் பார்த்துக் கையால் கிள்ளுவது, நுட்பமான கைத்தொழில்; அதில் பெயர் பெற்ற பெண்கள் உண்டு, அந்தப் பெயரில் பெருமையும் உண்டு. ஆயினும் தன் மகளும் அதே நிரையில் நிற்க வேண்டும் என்று விரும்பிய தாய் அரிதாகவே இருந்தாள். வேலையில் கிடைத்த நிறைவும் அந்த வேலையைப் பிள்ளைக்கு விட்டுச்செல்லும் விருப்பமும் வெவ்வேறானவை என்பது, மனநிறைவைப் பற்றிய பேச்சுகளில் அடிக்கடி விட்டுப்போகும் செய்தி.

சமவெளியும் இதற்கிடையில் மாறிவிட்டது. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் 1950களின் இறுதியில் தொடங்கி, மலையில் பெய்த மழையைப் பொள்ளாச்சி, உடுமலை வயல்களுக்குத் திருப்பியது. கம்பும் சோளமும் நிலக்கடலையும் விளைந்த புன்செய் நிலங்கள் தென்னந்தோப்புகள் ஆயின. பைக்காரா நீர்மின்சாரம் 1930களில் வந்தபின் பெருகிய கோவை மில்களும், 1980களுக்குப் பின் ஏற்றுமதியால் வீங்கிய திருப்பூர் பின்னலாடைத் தொழிலும் ஆள் தேடின. 1990களின் இறுதியில் தேயிலை விலை சரிந்தபோது இழுப்பும் தள்ளலும் ஒன்றுசேர்ந்தன. திருப்பூரில் உருப்படிக் கணக்கில், அதாவது பீஸ் ரேட்டில், தைக்கும் கணவனும் மனைவியும் மலையில் ஈட்டியதைவிட வெகு அதிகமாக ஈட்ட முடிந்தது. வாடகையும் தண்ணீர்ச் செலவும் போக மிஞ்சுவது எவ்வளவு என்பது வேறு விஷயம். ஆனாலும் இறங்கியவர்கள் பெரும்பாலும் சொன்ன காரணம் கூலி அல்ல, பிள்ளைகளின் படிப்பு. மேல்நிலைக் கல்விக்குப் பிறகு மலையில் வழி குறைவு. வால்பாறைக்கு அரசுக் கலைக் கல்லூரி வந்ததே இந்த நூற்றாண்டில்தான். பொள்ளாச்சிக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து நாள்தோறும் போய்வர முடியாது. லைன் வீடுகளின் வாசலில் சிறுத்தை குழந்தைகளைத் தாக்கிய நிகழ்வுகளும் பெற்றோரின் முடிவை விரைவுபடுத்தின. 2001 கணக்கெடுப்பில் சுமார் 95,000ஆக இருந்த வால்பாறையின் மக்கள்தொகை 2011இல் சுமார் 71,000ஆகக் குறைந்தது.

குடும்பம் முழுவதும் இறங்கிவிட முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. தோட்ட வீடு வேலையோடு கட்டப்பட்டது. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இரண்டு மூன்று தலைமுறை மலையிலேயே வாழ்ந்து சொந்த ஊரில் ஒரு சுவரும் இல்லாதவர்களுக்கு, வீட்டைத் தக்கவைக்க இருந்த ஒரே வழி பிள்ளைகளில் ஒருவரைத் தோட்டத்தில் பெயர் பதியச் செய்வதுதான். மற்ற பிள்ளைகள் திருப்பூருக்கோ கோவைக்கோ போய்ப் படிக்கவும் சம்பாதிக்கவும், ஒருவர் மட்டும் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு பெற்றோரின் கூரையைக் காப்பாற்றும் ஏற்பாடு பல குடும்பங்களில் நிலவியது. எந்தப் பிள்ளை இருப்பது என்ற பேச்சு வீட்டுக்குள் எப்படி முடிந்தது என்பதற்கு ஆவணம் இல்லை; மகன்களைவிட மருமகள்களின் பெயரே அதிகம் ஏறியது என்று ஊகிக்க இடமுண்டு. காலியான நிரைகளை இப்போது ஜார்க்கண்ட், அசாம், ஒடிசா மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்கள் நிரப்புகின்றன. அவர்களின் பிள்ளைகள் மலையின் தமிழ்வழிப் பள்ளிகளில் சேர்கிறார்கள். பள்ளி எண்ணிக்கை குறைந்து மூடப்படாமல் இருப்பதற்கு அவர்களும் ஒரு காரணம்.

மலையின் மறுமுனையில், கோழிகமுத்தி யானைகள் முகாமில், கதை வேறு திசையில் போயிருக்கிறது. தேக்கு இழுத்த யானைகள் வெட்டுத் தொழில் நின்றபின் கும்கிகளாயின, அதாவது ஊருக்குள் புகும் காட்டு யானைகளை விரட்டவும் பிடிக்கவும் பழக்கப்பட்டவை ஆயின. அவற்றைப் பராமரிக்கும் பாகனும் அவருக்கு உதவியாளரான காவடியும் பெரும்பாலும் மலசர்களே. தந்தையின் காவடியாக இருந்து யானையின் மொழியைக் கற்று மகன் பாகனாவது இங்கே பழைய வழக்கம். ஆபத்து மிகுந்த, விடுப்பு என்ற சொல்லுக்கே இடமில்லாத வேலை. ஆனாலும் அரசுப் பணியாக நிரந்தரமாக்கப்பட்டபோது மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் சேர்ந்தன, ஆகவே பிடித்த வேலையும் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் வருமானமும் ஒரே இடத்தில் கூடிவந்த அரிய நிலை சில குடும்பங்களுக்கு வாய்த்தது. 2023இல் தெப்பக்காடு, கோழிகமுத்தி ஆகிய இரு முகாம்களின் 91 பணியாளர்களுக்குத் தலா ஒரு லட்சம் ரூபாயும் வீடு கட்ட நிதியும் தமிழக அரசு அறிவித்தது. அதே ஆண்டில் கலீம் என்ற புகழ்பெற்ற கும்கி, அறுபது வயதில், வனத்துறையின் அணிவகுப்பு மரியாதையோடு ஓய்வு பெற்றது. ஆனால் பாகன் பணியிடங்களின் எண்ணிக்கை யானைகளின் எண்ணிக்கையைத் தாண்ட முடியாது, 1970களுக்குப் பிறகு தொழிலுக்காகக் காட்டு யானைகளைப் பிடிக்கும் வழக்கமும் நின்றுவிட்டது. மகன் விரும்பினாலும், தந்தை கற்றுக்கொடுக்கத் தயாராக இருந்தாலும், ஒரு யானைக்கு ஒரு பாகனும் ஒரு காவடியும்தான் வேண்டும் என்பதால், முகாமின் பிள்ளைகளில் பலர் பொள்ளாச்சியிலும் கோவையிலும் வேலை தேடி மலையிறங்குகிறார்கள்.